இழுக்காது என்ற சொல்

பழைய லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். "இதுல புது ஓ.எஸ். போட்டா இழுக்காது சார். செவன் போட்டுத் தர்றேன், சும்மா பறக்கும்." வண்டி மாட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சொல்லிப் பழகிய சொல் கணினிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மாட்டுக்கு வயதாகிவிட்டது, பாரத்தைக் குறை. கேட்கும்போது கருணை போலக்கூட இருக்கிறது. கடைக்காரர்கள் மட்டும் சொல்வதில்லை. கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அலுவலகங்களில் கணினிப் பொறுப்பில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அண்ணன்மார் ஊருக்கு வரும்போது தம்பிகளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பழைய கணினிக்குப் பழைய இயங்குதளம் என்பது யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை ஆகிவிட்டது.

அந்த நம்பிக்கை தவறு. அதனால் வரும் கேடும் சின்னது கிடையாது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி, இன்றுவரை ஒரே கணினியும் அதுதான். அவற்றில் எத்தனை இன்று பீரோ மேல் துணிக்கு அடியில் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சாகாமல் இருப்பவற்றில் பலவும் பாதுகாப்புத் திருத்தம் வருவது எப்போதோ நின்றுபோன இயங்குதளத்தோடு வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்று. புதியது என்றால் கனமானது என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் அந்த வேர்.

ஓர் இயங்குதளத்தின் வயது வேறு, எடை வேறு. என் மறுப்பு முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

இந்த நம்பிக்கை எப்போது பிறந்தது என்று எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. அதுவரை 256, 512 எம்பி ராமில் எக்ஸ்பி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆசைப்பட்டு அதைப் போட்டார்கள். கணினி திணறியது. விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளைப் பற்றி அமெரிக்காவில் வழக்கே நடந்தது. சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைக்குப் போகாது. அந்தச் சூடு நியாயமான சூடு, நான் மறுக்கவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பழையதே போதும் என்பவர்கள் சொல்வதே இல்லை. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. விஸ்டாவை விடப் புதியது, விஸ்டாவை விட இலகுவானது. 1 ஜிபி ராமும் ஆட்டம் சிப்பும் கொண்ட குட்டி நெட்புக்குகளில்கூட அதன் ஸ்டார்ட்டர் பதிப்பைப் போட்டு விற்றார்கள். அன்றும் கடைகளில் "செவன் இழுக்காது, எக்ஸ்பியே போட்டுக்குங்க" என்றுதான் சொன்னார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். இன்று எந்தச் செவனைப் பழைய கணினிக்கு மருந்தாகத் தருகிறார்களோ, அந்தச் செவனே தன் காலத்தில் எளிய கணினியில் போட்ட புதிய இயங்குதளம்தான். தங்கள் வாதத்தைப் பொய்யாக்கும் சாட்சியைத் தங்கள் கையிலேயே பென் டிரைவில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள்.

சரி, கணினி திணறுவது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். எங்கே திணறுகிறது என்று பார்ப்போம்.

என் அக்கா வீட்டில் 2013இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. செலரான் சிப், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். மகள் கல்லூரி முடித்துவிட்டாள், இப்போது பத்தாவது படிக்கும் தம்பிக்கு அது வந்திருக்கிறது. போன வருடம் "மாமா, ஆன் பண்ணா சோறு தின்னுட்டு வந்துடலாம்" என்றான். முன்பு யாரோ அதில் விண்டோஸ் 10 போட்டிருந்தார்கள். கடையில் கொடுத்தார்கள், ஃபார்மட் செய்து செவன் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியதாம். பிறகு மறுபடி பழைய கதை.

அந்த ஒரு மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. எந்த இயங்குதளத்தையும் புதிதாக நிறுவினால் சில நாள் வேகமாகத்தான் ஓடும். வட்டில் எல்லாமே தொடர்ச்சியாக, வட்டு வேகமாகப் படிக்கும் வெளிப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆன் செய்ததும் தானாக எழுந்து உட்காரும் பத்துப் பதினைந்து நிரல்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கடையில் காட்டப்படும் நிரூபணம் எப்போதும் இதுதான்: நான்கு வருடம் குப்பை சேர்ந்த டென்னையும் நேற்றுப் போட்ட செவனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். குளித்தவனையும் குளிக்காதவனையும் நிறுத்தி வைத்து வயதை ஒப்பிடுவது போல.

நான் அந்தக் கணினியின் வட்டைச் சோதித்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதை எடுத்துப் படிக்க இலவச நிரல்கள் உண்டு. அதில் கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள் நூற்றுக்கு மேல் இருந்தன. கெட்ட பகுதியைப் படிக்க வரும்போது வட்டு திரும்பத் திரும்ப முயலும், அதுவரை கணினி அப்படியே நிற்கும். நாம் அதற்கு ஹேங் என்று பெயர் வைத்து, பழியை இயங்குதளத்தின் தலையில் போடுகிறோம்.

கெடாத வட்டாக இருந்தாலும் கணக்கு இதுதான். மடிக்கணினி வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முள் நகர்ந்து அந்த வரிசைக்குப் போக இன்னும் 12 மில்லி விநாடி போல ஆகும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னத் துண்டுகளை நொடிக்கு அறுபது அளவில்தான் அதனால் எடுத்துத் தர முடியும். ஒரு பிரவுசரைத் திறக்க ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். சிப் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது, உள்ளே இருந்து சாமான் வரவில்லை. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. மலிவான எஸ்.எஸ்.டி.கூட அதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும்.

இதில் ராம் குறைவு என்பது எரிகிற தீயில் எண்ணெய். 2 ஜிபி நிரம்பியதும் இயங்குதளம் இப்போதைக்கு வேண்டாததை வட்டில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்படும்போது எடுத்து வரும். வைப்பதும் எடுப்பதும் அந்த நொடிக்கு அறுபது கதவின் வழியாகத்தான்.

அக்கா வீட்டுக் கணினியில் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். செவனில் ஆன் செய்ததிலிருந்து பிரவுசர் திறந்து பக்கம் தெரியும் வரை நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதே வட்டில், அதே 2 ஜிபியில், 2023இல் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச் சூழலோடு போட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. பிறகு வட்டைக் கழற்றி 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பொருத்தினேன். முக்கால் நிமிடம். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே எஸ்.எஸ்.டி.யில் செவனைப் போட்டுப் பார்த்தபோது அதுவும் ஏறத்தாழ முக்கால் நிமிடத்தில் வந்தது. ஆக வேகத்துக்காகச் செவனுக்குத் திரும்ப வேண்டிய காரணம் எதுவும் மிச்சமில்லை. வட்டை மாற்றியதும் திணறல் போய்விட்டது. அப்புறம் எந்த இயங்குதளம் என்பதை வேறு காரணங்களை வைத்து முடிவு செய்யலாம், அந்தக் காரணங்கள் எல்லாம் புதியதின் பக்கம்தான் நிற்கின்றன.

முதல் காரணம் பிரவுசர். இன்று கணினியின் ராமைத் தின்பது இயங்குதளம் என்று யாராவது சொன்னால், அவர் கணினியில் என்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். அந்த டெபியன் ஆன் ஆகி நிற்கும்போது எடுத்தது 500 எம்பிக்குள். பிரவுசரில் மின்னஞ்சல், ஒரு செய்தித்தளம், ஒரு யூடியூப் பக்கம் மூன்றையும் திறந்ததும் மீதி முழுவதும் போனது. இந்தப் பசி எந்த இயங்குதளத்திலும் ஒன்றுதான். எக்ஸ்பிக்கு 2001இல் 64 எம்பி ராம் போதும் என்றார்கள். அதே எக்ஸ்பி 2010இல் 512 எம்பியிலும் முக்கியது. எக்ஸ்பி ஒன்றும் அதற்குள் புதியதாகிவிடவில்லை, அதில் திறந்த பக்கங்கள் கனத்துவிட்டன. பழைய இயங்குதளத்துக்குத் திரும்பிப் போகலாம், பழைய இணையத்துக்கு யாரும் திரும்பிப் போக முடியாது.

அப்படித் திரும்பிப் போனவருக்குப் புதிய பிரவுசரும் கிடைக்காது. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 115ஆம் நீள்காலப் பதிப்போடு நின்றது. பார்க்காத டேபைத் தூங்க வைத்து ராமை விடுவிக்கும் வசதிகள் பிரவுசர்களில் நன்றாக வேரூன்றியதே இந்த நான்கைந்து வருடங்களில்தான். ராம் குறைந்தவனுக்குத்தான் அவை மற்ற எவரையும் விட அதிகம் தேவை. அவனைப் பார்த்துத்தான் பழையதிலேயே இரு என்கிறோம்.

இரண்டாவது, கருவக மென்பொருள், அதாவது கெர்னல். புதிய கெர்னல் பெரிய இயந்திரங்களுக்காக எழுதப்படுகிறது என்பது பாதி உண்மை. லினக்ஸ் கெர்னல் ஓடுவது தரவு மையங்களில் மட்டுமா? ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், வீட்டு வைஃபை ரவுட்டர்களில், டிவி பெட்டிகளில், கைக்குள் அடங்கும் பலகைக் கணினிகளில் எல்லாம் அதுதான் ஓடுகிறது. அங்கெல்லாம் ராம் எப்போதும் பஞ்சம். அதனால் குறைந்த ராமில் பிழைக்கும் வித்தைகள் வருடா வருடம் அதில் சேர்ந்துகொண்டே வருகின்றன. ராமில் இருப்பதை வட்டுக்கு அனுப்பாமல் ராமுக்குள்ளேயே அமுக்கி வைக்கும் இசட்ராம் என்ற ஏற்பாடு 2014இல் கெர்னலின் நிலையான பகுதியானது. வெயில் காலத் துணிகளை அமுக்கி மடித்து ஒரே பீரோவில் இரண்டு பங்கு வைப்பது போன்றது அது. சிப்புக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் மெதுவான வட்டுக்குப் போகும் பயணம் மிச்சம். எதை வெளியேற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் முறையை கூகுள் பொறியாளர்கள் ஆண்ட்ராய்டையும் குரோம்புக்கையும் மனதில் வைத்துத் திருத்தி எழுதினார்கள். அது 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலில் சேர்ந்தது. அக்கா வீட்டு 2 ஜிபி கணினியில் இசட்ராமை இயக்கிய பிறகுதான் ஒரே நேரத்தில் யூடியூபும் லிப்ரே ஆஃபிஸும் நிம்மதியாக ஓடின. செவனில் இதற்கு வழியே இல்லை. இங்கே பழைய இயந்திரத்துக்குப் புதிய இயங்குதளம்தான் இலகு.

சிறிய சான்று ஒன்று. 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பை பலகைக் கணினியின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ், ராம் 256 எம்பி. 2023இல் வெளியான அதன் இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பு அந்தப் பலகையிலும் எழுந்து நிற்கிறது. பதினொரு வருட இடைவெளி.

கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் பெயரைச் சொல்லி என்னிடம் வாதிட்டவர்களும் உண்டு. வன்பொருள் வேகமாவதை விட மென்பொருள் வேகமாகக் கனக்கிறது என்று 1995இல் அவர் எழுதியது உண்மை. ஆனால் அந்தக் கட்டுரையின் நோக்கம் பழையதோடு இருங்கள் என்று சொல்வதல்ல. தேவையில்லாத கொழுப்பைக் கழித்தால் புதிதாக எழுதும் மென்பொருளும் மெலிந்து இருக்கும் என்பதே அவர் வாதம். தன் சக ஆசிரியர் யூர்க் குட்க்நெக்டோடு சேர்ந்து ஓபரான் என்ற இயங்குதளத்தைத் தாமே புதிதாக எழுதி அதைக் காட்டினார். விர்த்தைத் துணைக்கு அழைப்பவர்கள் அந்தக் கட்டுரையின் பின்பாதியையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. இதைப் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. "எங்கிட்ட திருட என்ன சார் இருக்கு" என்கிறார்கள். ஆதார் நகல் இருக்கிறது, பள்ளி மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது, கரண்ட் பில் கட்டும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் பிரவுசரில் இருக்கிறது, மகளின் படங்கள் இருக்கின்றன. 2017 மே 12ஆம் தேதி வான்னக்ரை புழு உலகைச் சுற்றி வந்தபோது அது யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து வரவில்லை. திறந்திருந்த கதவில் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை திருத்தத்தை ஏற்காத விண்டோஸ் 7 கணினிகள். அப்போதாவது செவனுக்குத் திருத்தம் வந்துகொண்டிருந்தது. 2020 ஜனவரி 14ஓடு அது பொதுமக்களுக்கு நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

அக்கா வீட்டுக் கணினியில் கடையில் போட்டுக் கொடுத்த செவனைத் திறந்து பார்த்தேன். உரிமம் இல்லாத நகல். அப்டேட்டை நிரந்தரமாக அணைத்து வைத்திருந்தார்கள். போதாததற்கு எங்கிருந்தோ எடுத்த ஒரு கிராக் நிரல் நிர்வாகி உரிமையோடு உள்ளே உட்கார்ந்திருந்தது, அதை விட்டுவைக்கும்படி வைரஸ் தடுப்பியிடம் விலக்கும் கொடுத்திருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் அம்மாவின் வங்கி ஓடிபியை அதில் தட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரரை நான் திருடர் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க உழைப்பவர், தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார். ஆனால் நல்லெண்ணத்தோடு செய்தாலும் வீட்டுப் பூட்டைக் கழற்றிக் கொடுப்பது பூட்டைக் கழற்றிக் கொடுப்பதுதான்.

இதோடு சேர்ந்தது சான்றிதழ்ப் பிரச்சினை. ஒரு தளம் உண்மையானதா என்று கணினி சரிபார்ப்பது தன்னிடம் உள்ள வேர்ச் சான்றிதழ்களை வைத்துத்தான். அவற்றுக்கும் காலாவதி உண்டு. 2021 செப்டம்பர் 30ஆம் தேதி அப்படி ஒரு வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, அதற்கு மாற்று வந்து சேராத பழைய கருவிகளில் பல இணையதளங்கள் திறக்க மறுத்தன. எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய துன்பம்: பாதித் தளங்கள் திறக்காது, ஏன் என்றும் சொல்லாது. (மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போனாலும் இதே பிழை வரும். சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றாமல் ஓ.எஸ். மாற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தேதியைப் பாருங்கள்.)

அடுத்து டிரைவர் வாதம். "புது ஓ.எஸ்.ஸுக்கு இந்த மாடல் டிரைவர் கிடைக்காது." விண்டோஸ் உலகத்தில் இதில் நியாயம் உண்டு, தயாரிப்பாளர் கைவிட்டால் கைவிட்டதுதான். லினக்ஸில் டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வாழ்கின்றன. பத்து வருடப் பழைய மடிக்கணினியின் ஒலி, திரை, இணையம் எல்லாம் பெரும்பாலும் எதையும் தேடாமல் வேலை செய்யும். முன்பு சில வைஃபை சில்லுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் தேட வேண்டியிருந்தது, டெபியன் 12 முதல் நிறுவும் கோப்பிலேயே அதையும் சேர்த்துவிட்டார்கள். விதிவிலக்குகள் இருக்கின்றன. சில ஆட்டம் நெட்புக்குகளில் இருந்த பவர்விஆர் வகை வரைகலைச் சில்லுகள் லினக்ஸில் கடைசிவரை ஒழுங்காக ஓடவில்லை. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு பென் டிரைவ் போதும். நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. இதைச் செய்துபார்க்காமல் இழுக்காது என்று சொல்வது எந்தத் தொழிலுக்கும் அழகில்லை.

ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிப் ஓட்டைகளுக்கு 2018இல் வந்த திருத்தங்கள் பழைய சிப்களை மெதுவாக்கிவிட்டன என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஒப்புக்கொள்கிறேன், சில வேலைகளில் மெதுவாக்கின. ஆனால் மிக எளிய சிப்களுக்கு இது பொருந்தவே இல்லை. 2013க்கு முந்தைய ஆட்டம் சிப்கள் கட்டளைகளை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகச் செய்பவை, முன்கூட்டி ஊகித்து ஓடும் பழக்கம் இல்லாததால் அந்த ஓட்டைகளும் இல்லை. கெர்னலுக்கும் அது தெரியும், அந்தச் சிப்களில் அந்தத் திருத்தங்களை அதுவே இயக்காமல் விடுகிறது.

எதிர்த்தரப்பில் மதிக்க வேண்டியவர்கள் உண்டு. அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பேஜ்மேக்கர் 7 வைத்துத் திருமணப் பத்திரிகை செய்பவர்கள் எக்ஸ்பியை விடமாட்டார்கள். அவர்களுடைய இருபது வருட உழைப்பு அந்தக் கோப்புகளில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், கிடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதை மாற்றிக்கொள் என்று நான் சொன்னால் அது திமிர். அந்தக் கணினி அப்படியே இருக்கட்டும். இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள். கோப்பைப் பென் டிரைவில் கொண்டு போய், இணையத்துக்கு வேறு கணினியை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பரிசோதனைக் கருவியோடு இணைந்த ஆய்வகக் கணினிக்கும், சமையலறை உரலைப் போல ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும் எந்தக் கணினிக்கும் இது பொருந்தும். என் சண்டை அவர்களோடு இல்லை. இணையத்துக்குப் போகும் மாணவரின் கணினிக்கும் அதே மருந்தை எழுதிக் கொடுப்பவர்களோடுதான்.

புதிய இயங்குதளம் என்று நான் சொல்லும்போது விண்டோஸ் 11ஐச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக்க வேண்டும். அது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. அந்தச் சோதனையை ஏமாற்றி நிறுவும் தந்திரங்கள் உண்டு. ஆனால் 2024இன் பதிப்புக்குச் சில சிப் கட்டளைகள் இல்லாமல் முடியாது என்பதால், கோர் 2 டியூவோ காலத்துக் கணினிகளில் அது எழவே எழாது. அங்கே இழுக்காது என்பவர்கள் சொல்வது சரி. ஒரு நிறுவனத்தின் புதிய சரக்கு இழுக்கவில்லை என்பதற்காக உலகில் புதியது எதுவுமே இழுக்காது என்று முடிவு கட்டுவதுதான் தவறு. ஒரு ஹோட்டலில் சாப்பாடு விலை அதிகம் என்றால் அதற்காக மூன்று நாள் பழைய குழம்பையா சாப்பிடுவோம்?

"லினக்ஸெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாது" என்பது கடைசியாக வரும் வாதம். எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ இருபது வருடமாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அவர்களுக்கென்றே கைட் என்ற அரசு அமைப்பு உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து, புதுப்பித்தும் வருகிறது. நம்மிடமும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு ஆய்வு மையத்தில் டெபியனிலிருந்து உருவான பாஸ் லினக்ஸ், இலவச மடிக்கணினிகளின் முதல் சுற்றுகளில் விண்டோஸோடு சேர்த்தே வந்தது. ஆன் செய்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதை ஒருமுறையாவது திறந்து காட்டிய வகுப்புகள் எத்தனை? ஃபார்மட் செய்யும்போது முதலில் அழிந்தது அதுதான். புரியாது என்று முடிவு செய்தவர்கள் யாரும் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யவில்லை. அக்கா மகன் டெபியனில் அரை மணி நேரத்தில் தன் வழியைக் கண்டுகொண்டான். தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக் கொடுத்தேன், எந்தத் தனி நிரலும் வேண்டியிருக்கவில்லை. இப்போது தமிழ்ப் பாட ஒப்படைப்பைத் தட்டச்சு செய்து அச்செடுக்கிறான். அவன் சொன்ன ஒரே புகார் யூடியூப் விட்டுவிட்டு ஓடியது பற்றி. அந்தச் சிப்பின் வரைகலைப் பகுதிக்குப் புதிய காணொளி வடிவங்களைப் பிரிக்கத் தெரியாது, பழைய எச்.264 நன்றாகத் தெரியும். அந்த வடிவத்தையே கேட்டு வாங்கும் ஒரு சின்ன நீட்சியைப் பிரவுசரில் போட்டதும் சரியானது.

புதுசே வாங்கிவிடலாமே என்று சொல்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் சுற்றுச்சூழலுக்குத் தரும் சுமையில் பெரும்பங்கு அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே அந்த விலை கொடுக்கப்பட்டுவிட்ட பொருளை, வட்டு மெதுவாக இருக்கிறது என்பதற்காக எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எஸ்.எஸ்.டி.க்கும் கூடுதல் ராமுக்கும் ஆகும் செலவு புதிய மடிக்கணினி விலையில் சின்னப் பங்குதான். அக்கா வீட்டுக் கணினியில் இரண்டாவது ராம் இடம் வாங்கிய நாளிலிருந்து காலியாகவே இருந்திருக்கிறது. கடைக்குப் போய் வந்த இத்தனை முறையில் ஒருவரும் மூடியைத் திறந்து அதைச் சொல்லவில்லை.

இப்போது என் மேசையில் இருப்பது 2009இல் வந்த ஒரு நெட்புக். நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்து இறங்கியது. ஆட்டம் என்270, 1.6 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ராம். 32 பிட் மட்டுமே தெரிந்த சிப். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இந்த வகைக்கு நிறுவும் கோப்பு தருவதை நிறுத்திவிட்டது. டெபியன் 12க்கு நீள்கால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. ராமை 2 ஜிபி ஆக்கலாம், அதற்கு மேல் இது ஏற்காது. பின்பக்கம் மூன்று திருகு, வட்டைக் கழற்றியாயிற்று. நண்பரின் தாயார் பக்திப் பாடல்கள் கேட்கவும் பேரனிடமிருந்து வரும் மின்னஞ்சலைப் பெரிய எழுத்தில் படிக்கவும் கேட்டிருக்கிறார். பென் டிரைவ் தயாராக இருக்கிறது.